கணினிக்கு வழி சொன்ன கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணினி நிரல் எழுதப் பழகும் மாணவர் எவரும் முதல் பருவத்திலேயே சந்தித்துவிடும் பிழைச்செய்தி ஒன்று உண்டு. கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று கணினி அறிவிக்கும். கோப்போ நம் கண்ணெதிரே திரையில் இருக்கும். இருந்தும் கணினி இல்லை என்றே சாதிக்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக நாமும் மணிக்கணக்கில் அலைவோம். ஒரு பொருள் இருப்பது வேறு, அது எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிவது வேறு. இந்த வேறுபாட்டோடு கணினியின் தொடக்கக் காலத்திலேயே மல்லுக்கட்டியவர், தேடும் வேலையையும் கணினியிடமே ஒப்படைக்கலாம் என்று செய்து காட்டியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது கணினித்துறை மாணவர்களுக்கு மட்டுமின்றி, மொழியின்மேல் பற்றுள்ள அனைவருக்கும் பயனளிக்கும்.

கடிகாரம் பிரித்த சிறுமி

கிரேஸ் புரூஸ்டர் மரே 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரக் கடிகாரம் ஒன்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. எனவே அடுத்ததைப் பிரித்தார். இப்படி ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்த பிறகுதான் தாயாருக்கு விஷயம் தெரிந்தது. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று அவர் அனுமதித்தார். அடித்து அடக்காமல் அளவு சொல்லி அனுமதித்த அந்தத் தாயையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். உடல்நலம் குன்றியிருந்த தந்தையோ, மகனுக்குக் கிடைக்கும் கல்வி மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

பதினாறு வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது இலத்தீன் மொழித் தேர்வில் புள்ளிகள் போதாமல் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நுழைந்தார். 1928-இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலைப் பட்டமும் 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930-இல் வின்சென்ட் ஹாப்பரை மணந்தார். 1945-இல் இருவரும் மணவிலக்குப் பெற்ற பின்னரும் ஹாப்பர் என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. 1931 முதல் தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். அந்த அமைதியான ஆசிரிய வாழ்க்கையை இரண்டாம் உலகப்போர் மாற்றியது.

எடை போதாத கடற்படை அதிகாரி

அமெரிக்கா 1941 டிசம்பரில் போரில் இறங்கியது. கடற்படையில் சேர விரும்பிய ஹாப்பருக்கு இரண்டு தடைகள் இருந்தன. வயது கூடுதல், எடை குறைவு. அவருடைய உயரத்திற்கு 120 பவுண்டு இருக்க வேண்டும். அவரோ 15 பவுண்டு குறைவாக இருந்தார். விடாமல் கேட்டுச் சிறப்பு அனுமதி பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்தார். பயிற்சியில் தம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஹோவர்ட் எய்க்கன் தலைமையில் இயங்கிய மார்க் 1 கணினி அவருக்காகக் காத்திருந்தது. நீளம் 51 அடி, எடை ஏறத்தாழ 5 டன். ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல்களைச் செய்யும். கட்டளைகள் யாவும் காகித நாடாவில் துளைகளாகக் குத்தப்பட்டன. அந்த இயந்திரத்திற்கு நிரல் எழுதிய மூன்றாவது நபர் ஹாப்பர். அதன் செயல்முறையை விளக்கும் 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டை எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது. அது 1946-இல் வெளிவந்தது.

ஹாப்பர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்துப்பூச்சிக் கதை. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மார்க் 2 கணினியில் ஏற்பட்ட கோளாற்றைத் தேடியபோது ஒரு ரிலேவுக்குள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். பிழையைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. எடிசன் காலத்திலேயே பொறியாளர்களிடம் அச்சொல் புழங்கியது. பூச்சியைக் கண்டெடுத்தவரும் ஹாப்பர் அல்லர். அக்கதையைப் பல மேடைகளில் சுவைபடச் சொன்னவர் அவர். ஆனால் அந்தப் பதிவேட்டில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. எந்தப் பலகை, எத்தனையாவது ரிலே என்பதை அவர்கள் குறித்துவைத்தார்கள். பலகை எஃப், ரிலே எண் 70. என்ன கோளாறு என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் என்றும் எழுதினார்கள்.

நகலெடுக்கும் நோயும் ஏ-0 மருந்தும்

1949-இல் ஹாப்பர் பிலடெல்பியாவில் எக்கர்ட்-மாக்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் வாங்கியது. அங்கே உருவான யூனிவாக் கணினிக்கு நிரல் எழுதுவதே அவர் பணி.

அக்காலத்தில் நிரலர்கள் ஒவ்வொருவரும் குறிப்பேடு வைத்திருந்தார்கள். சைன் கணக்கிட ஒன்று, வர்க்கமூலம் காண ஒன்று என்று பயன்பட்ட துணைநிரல்களை அதில் எழுதிவைத்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். புதிய நிரலுக்கு அது தேவைப்பட்டால் கையால் நகலெடுத்தார்கள். இங்கேதான் சிக்கல் எழுந்தது. குறிப்பேட்டில் இருக்கும் துணைநிரலின் முகவரிகள் சுழியத்தில் தொடங்கும். அதைப் புதிய நிரலின் 300-ஆவது இடத்தில் வைத்தால், உள்ளே குறிப்பிட்டுள்ள முகவரி ஒவ்வொன்றோடும் 300-ஐக் கூட்ட வேண்டும். நன்கு படித்த நிரலர்களும் கூட்டலில் தவறினார்கள், நகலெடுப்பதிலும் தவறினார்கள். வெற்றிடத்தைக் காட்டும் டெல்டா குறி 4 போலத் தோன்றியது. பி எழுத்து 13 ஆனது.

கூட்டுவதற்கும் நகலெடுப்பதற்கும் கட்டப்பட்டதுதானே கணினி? அந்த வேலையை மனிதர் ஏன் செய்ய வேண்டும்? ஹாப்பரின் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான். துணைநிரல்களுக்கு எண்ணிட்டுக் காந்த நாடாவில் பதிந்தார். எந்த எண் வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று மட்டும் நிரலர் சொன்னால் போதும். கணினியே நாடாவில் தேடி எடுத்து, முகவரிகளைக் கணக்கிட்டு, முழு நிரலாகத் தொகுத்துத் தரும். 1951-க்கும் 1952-க்கும் இடையில் உருவான இந்த முறையே ஏ-0. 1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கணினியாளர் மாநாட்டில் இதைக் கட்டுரையாகப் படைத்தார்.

இதற்கு அவர் இட்ட பெயர் கம்பைலர். தொகுப்பவர் என்பது அதன் பொருள். தமிழில் நாம் தொகுப்பி என்கிறோம். சங்கப் பாடல்களைத் தேடி எடுத்து எண்ணி வரிசைப்படுத்தி எட்டுத்தொகை ஆக்கியவர்களின் வேலையை நினைத்தால் இச்சொல் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். இன்றைய கணக்கில் ஏ-0 செய்த வேலை, தனித்தனித் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பியின் வேலையை ஒத்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியைச் சுற்றியும் அதே காலத்தில் துணைநிரல் நூலகம் வளர்ந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஏ-0 எழுதுகையில் ஒரு முடிச்சு விழுந்தது. நிரல் பின்னோக்கித் தாவினால் செல்ல வேண்டிய இடம் ஏற்கெனவே தெரியும். முன்னோக்கித் தாவினால் அந்த இடம் இன்னும் உருவாகவே இல்லை. முகவரி இல்லாத வீட்டுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? ஹாப்பருக்குத் தாம் கல்லூரியில் ஆடிய பெண்கள் கூடைப்பந்து கைகொடுத்தது. அன்றைய விதிப்படி பந்தோடு ஓட முடியாது. தோழியிடம் பந்தை எறிந்துவிட்டு, முன்னே ஓடி, மீண்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பள்ளிகளில் வலைப்பந்து ஆடிய மாணவிகளுக்கு இது உடனே புரியும். அதுபோலவே நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். முகவரி தெரியாத தாவல்களை முதலில் அந்த மூலைக்கு அனுப்பினார். போக வேண்டிய பகுதி பின்னர் வந்து அமர்ந்ததும், அதன் முகவரியை அந்த மூலையில் எழுதிவைத்தார். பந்து சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது.

இவ்வளவு செய்தும் நெடுநாள் எவரும் அதைத் தொடவில்லை. கணினி கணக்குப் போடும், நிரல் எழுதாது என்றே அவரிடம் சொன்னார்கள். ஓடும் தொகுப்பி கையில் இருந்தும் அதை நம்பவைப்பதற்கு அவர் ஊர் ஊராகப் பேச வேண்டியிருந்தது.

இன்றைய மாணவரின் மேசையில்

அந்த முகவரிச் சிக்கல் இன்று தீர்ந்துவிட்டதா? முகவரிக் கணக்கைக் கணினி ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதை நாம்தான் இன்னும் சொல்கிறோம். இது குறுக்குத் தொகுப்பியைப் பயன்படுத்தும்போது தெளிவாகத் தெரியும். ஒரு கணினியில் ஓடிக்கொண்டு, வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்குவதே குறுக்குத் தொகுப்பி. நம் மடிக்கணினியில் இன்டெல் வகைச் செயலி இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு வாங்கிய ராஸ்பெரி பை அட்டையில் ஆர்ம் வகைச் செயலி இருக்கிறது. மடிக்கணினியில் தொகுத்து அட்டையில் ஓட்டுகிறோம். இரண்டு உலகங்களின் கோப்புகளும் ஒரே வட்டில் இருப்பதால் வழிதவறுவது எளிது. லினக்ஸ் கணினியில் மூன்று இடங்களில் இது நேர்கிறது.

முதலாவது, தொகுப்பியே கிடைக்காமல் போவது. நாம் ஒரு கட்டளையைத் தட்டினால், பாத் எனப்படும் பட்டியலில் உள்ள கோப்புறைகளைக் கணினி வரிசையாகத் தேடும். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். குறுக்குத் தொகுப்பி தனிக் கோப்புறையில் நிறுவப்பட்டு, அது பட்டியலில் சேர்க்கப்படாவிட்டால் கட்டளை இல்லை என்றே பதில் வரும். முழு முகவரியையும் தட்டினால் ஓடுகிறது என்றால், குறை பட்டியலில்தான் என்று உறுதி செய்யலாம். விச் என்ற கட்டளை எந்தக் கோப்பு ஓடப்போகிறது என்று காட்டும். ஒரு சாளரத்தில் பட்டியலை மாற்றினால் அது அந்தச் சாளரத்தோடு முடிந்துவிடும். தொடக்கக் கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும். சூடோ வழியாக ஓட்டும்போது பெரும்பாலும் வேறு பட்டியலே பயன்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும் தவறான இடத்திலிருந்து வருவது. கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால் அது நல்லகாலம். மடிக்கணினியின் கோப்பை அட்டையின் கோப்பென்று எடுத்துக்கொண்டு, தொகுப்பு வேலை சத்தமில்லாமல் முடிந்து, ஓடும்போது விழுந்தால்தான் தலைவலி. அட்டையின் கோப்பு அமைப்பை ஒரு தனிக் கோப்புறையில் வைத்து, அதையே சிஸ்ரூட் என்று தொகுப்பிக்குச் சொல்வது இதற்கு வழி. பொருந்தாத நூலகத்தைத் தாண்டிச் செல்கிறேன் என்று இணைப்பி சொல்லிவிட்டு, அடுத்த வரியில் நூலகம் இல்லை என்று முடிக்கும். கோப்பு இருக்கிறது, ஆனால் வேறு செயலிக்கானது என்பதே அதன் பொருள். ஃபைல் என்ற கட்டளையை அந்தக் கோப்பின்மேல் ஓட்டினால் அது எந்தச் செயலிக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, அட்டையில் ஏற்றிய பிறகு வரும் குழப்பம். நிரல் அங்கே இருக்கிறது. ஓட்டினால் அப்படியொரு கோப்பு இல்லை என்கிறது. உண்மையில் காணாமல் போனது நம் நிரல் அன்று. அதை நினைவகத்தில் ஏற்றி நூலகங்களோடு சேர்க்கும் ஏற்றியின் முகவரி நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அந்த முகவரியில் ஏற்றி இல்லாவிட்டால் இச்செய்தி வரும். ரீட்எல்ஃப் என்ற கருவி அந்த முகவரியைக் காட்டும்.

மூன்று இடங்களிலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. எந்தக் கருவி ஓடியது? அது எங்கெங்கே தேடியது? எதைக் கண்டெடுத்தது? ஜி.சி.சி. தொகுப்பிக்கு விவரமாகச் சொல் என்று ஒரு சிறிய விருப்பக்குறி கொடுத்தாலே தான் தேடிய கோப்புறைகளை வரிசையாகப் பட்டியலிடும். நான்கு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்து பார்ப்பதைவிட அந்தப் பட்டியலைப் பொறுமையாக வாசிப்பது மேல். பலகை எஃப், ரிலே 70 என்று இடம் குறித்த பழைய பதிவேடும் இதைத்தான் நமக்குக் கற்றுத்தருகிறது.

இயந்திரத்திற்குத் தாய்மொழி இல்லை

ஹாப்பர் அடுத்து எடுத்த படி இன்னும் துணிச்சலானது. வணிக அலுவலகங்களில் வேலை செய்வோருக்குக் கணிதக் குறியீடுகள் பிடிப்பதில்லை. அவர்கள் தம் மொழியிலேயே கட்டளையிட்டால் என்ன என்று எண்ணினார். ஆங்கிலச் சொற்களால் அமைந்த ஃப்ளோ-மேட்டிக் மொழி இப்படித்தான் பிறந்தது. இதற்கு நிதி கேட்டு 1950-களின் நடுப்பகுதியில் மேலாளர்களுக்குச் செயல்விளக்கம் தந்தபோது, ஆங்கிலத்தோடு நிற்காமல், அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக்காட்டினார். பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அதிர்ச்சியே கிடைத்தது. அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று அவர்கள் கலங்கினார்கள். ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி சொல்லித்தான் அவர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது என்று அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

தமிழ்மொழிக் கழகத்தின் இந்த ஆண்டிதழில் இந்த நிகழ்ச்சியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல் என்று தொகுப்பி வைத்திருக்கும் பட்டியல்தான் அதற்குத் தெரியும். நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் கூட்டலையும் பெருக்கலையும் தமிழில் கற்றோம். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் தொடர்ந்தோம். இங்கே ஆங்கிலத்தில் படிக்கிறோம். மொழி மாறியதால் விடை மாறவில்லை. எழில் போன்ற தமிழ் நிரல்மொழிகள் பிறந்திருப்பதும் இந்த உண்மையின் அடிப்படையில்தான். தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று எவரேனும் கூறினால், பிலடெல்பியாவின் மேலாளர்களை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

ஒரே நிரல், இரண்டு கணினிகள்

அன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தனித்தீவு. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. கணினி மாறினால் நிரல்களை எல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த வீண்செலவைத் தவிர்க்க, 1959 மே மாதம் அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆதரவில் நிறுவனங்கள் கூடிப் பொதுவான வணிக நிரல்மொழி ஒன்றை உருவாக்க முடிவு செய்தன. அதுவே கோபோல். அதை வடித்தவர்கள் ஒரு குழுவினர். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். ஆனால் அதன் சாயலில் பெரும்பகுதி அவருடைய ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்து வந்தது.

1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல், போட்டி நிறுவனங்கள் இரண்டின் கணினிகளான ஆர்.சி.ஏ. 501-இலும் யூனிவாக் 2-இலும் ஓடியது. வேறு வேறு இயந்திரங்களுக்கு ஒரே நிரல் என்று இன்று நாம் இயல்பாகச் சொல்வதற்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளுள் இது முக்கியமானது.

ஓய்வு கிடைக்காத ஓய்வு

1966-இன் இறுதியில், அறுபது வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் அதை விரும்பவில்லை. ஏழு மாதங்கள் கழித்து, கடற்படையின் கோபோல் நிரல்களைச் சீர்ப்படுத்த வேண்டும் என்று 1967 ஆகஸ்டில் மீண்டும் அழைத்தார்கள். ஆறு மாத வேலை என்றுதான் அழைத்தார்கள். அது ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கோபோலை வளைத்துவிடாமல், தரத்திற்கு ஏற்ப நடக்கிறதா என்று சோதிக்கும் பணியை அவருடைய குழு செய்தது.

அக்காலத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கையோடு எடுத்துச் சென்று கேட்போருக்கு வழங்குவது அவர் வழக்கம். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் அவ்வளவுதான். செய்தி ஏன் தாமதமாகிறது என்று கேட்கும் தளபதிகளுக்கு அந்தக் கம்பியே விளக்கமாயிற்று. அவருடைய அலுவலகத்தில் ஒரு கடிகாரம் இடமிருந்து வலமாக ஓடாமல் எதிர்த்திசையில் ஓடியது. வழக்கம் என்பதற்காக மட்டும் எதையும் தொடர வேண்டியதில்லை என்பதை அது நினைவூட்டியது.

1986 ஆகஸ்டில், 79 வயதில், ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றார். அப்போது கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளில் அவரே மூத்தவர். அதன் பிறகும் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். 1992-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997-இல் கடற்படையில் சேர்ந்தது. 2016-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

நாம் கற்றுக்கொள்வது

ஹாப்பர் அம்மையார் பணியைத் தொடங்கியபோது கணினியோடு பேசச் சிலருக்கே முடிந்தது. அந்தச் சிலரும் கையால் நகலெடுத்து, கையால் கூட்டி, பிழைகளில் மூழ்கினார்கள். அந்தச் சுமையை இயந்திரத்தின் தோளுக்கு மாற்றியதால்தான் நம்மைப் போன்றோருக்கும் இத்துறையின் கதவு திறந்தது. இலத்தீனில் புள்ளி போதாதவர், எடை போதாதவர், வயது கடந்தவர் என்று ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டவர் வேறு வழி கேட்டு மீண்டும் வந்து நின்றார்.

தோழர்களே, முதலாம் ஆண்டில் கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தியைக் கண்டு, இத்துறை எனக்கு வராது என்று மனம் தளர்ந்து பாடம் மாறும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெரும்பாலும் அறிவில் குறை இல்லை, முகவரியில்தான் குறை. மூத்த மாணவர்கள் சற்று அருகில் அமர்ந்து, எங்கே தேடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். எடிசனின் பெயரை அறிந்த அளவுக்கு ஹாப்பரின் பெயரையும் நம் தமிழ்ப்பள்ளி மாணவிகள் அறியட்டும். அவர்களுள் ஒருத்தி வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால், இன்னொன்றைக் கையில் கொடுக்கும் மனம் நமக்கும் வரட்டும்.